ஃபேட்டல் அட்ராக்‌ஷன் படத்துல ஒட்டுப்போட்ட இடம் எது?

நீங்க கேட்டது ரெண்டே வரிதான். "நேத்து ராத்திரிதான் ஃபேட்டல் அட்ராக்‌ஷன் பாத்தேன், கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் வேற ஏதோ படத்துல இருந்து கொண்டுவந்து ஒட்டின மாதிரி இருக்கே, முடிவை மாத்திட்டாங்கனு சொல்றாங்களே அது நெசமா, மாத்தாம விட்டிருந்தா படம் நல்லா இருந்திருக்குமா"ன்னு கேட்டிருக்கீங்க. முதல் பாதிக்கு பதில் ஒரே வார்த்தை, நெசம்தான். ஆனா நீங்க உண்மையில கேக்குறது அது இல்லனு நெனைக்கிறேன். முடிவு மாறுன கதையே தெரியாமதான் நீங்க படம் பாத்திருக்கீங்க, அப்படியும் ஒட்டு உங்க கண்ணுல பட்டுடுச்சு, அது எப்படின்னுதான் உங்களுக்குத் தெரியணும். எனக்கும் இந்தப் படத்துல பிடிச்ச விஷயமே அதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நான் படத்தொகுப்புல இருக்கேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பிலிமைக் கையில புடிச்சு டேப் போட்டு ஒட்டுற காலத்தோட வால் பகுதியில அசிஸ்டென்டா சேந்து, அப்புறம் எல்லாரையும் மாதிரி கம்ப்யூட்டருக்கு மாறுன ஆளு. வீட்டுல உக்காந்து படம் பாக்கும்போதுகூட எந்த இடத்துல ஒட்டிருக்காங்கனு கண்ணு தானா தேடும், என் வீட்டுல என்கூட படம் பாக்க யாரும் வர்றது இல்ல. அதனால இதை ஒரு எடிட்டர் சொல்றதாத்தான் எடுத்துக்கணும், மனநலம் பத்தியோ அமெரிக்கச் சட்டம் பத்தியோ தீர்ப்பு சொல்ற ஆளு நான் இல்ல. இன்னொண்ணு, படம் பாக்காதவங்க இதோட நிறுத்திக்கங்க, முடிவை முழுசா சொல்லப்போறேன்.

1987 செப்டம்பர்ல வந்த படம், டைரக்டர் ஏட்ரியன் லைன், கதை ஜேம்ஸ் டியர்டன். டேன் நியூயார்க்ல ஒரு வக்கீல், மைக்கேல் டக்ளஸ் பண்ணிருப்பார். பொண்டாட்டி பெத், ஆறு வயசு மதிக்கத்தக்க ஒரு பொண்ணு, ஒரு நாய், குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்லாத வீடு. ஒரு வார இறுதியில பொண்டாட்டியும் புள்ளையும் ஊருக்குப் போயிருக்கும்போது அலெக்ஸ்னு ஒரு பதிப்பக எடிட்டர் கூட பழக்கமாகுது, அது க்ளென் க்ளோஸ். அவனுக்கு அது ரெண்டு நாள் சமாச்சாரம். அவளுக்கு அப்படி இல்ல. கிளம்புறேன்னு சொன்ன உடனே மணிக்கட்டை அறுத்துக்கிறா, அப்புறம் ஆபீசுக்கு வர்றா, ஃபோன் பண்றா, வயித்துல உன் புள்ள இருக்குன்றா. டியர்டன் இதுக்கு முன்னாடி 1980ல டைவர்ஷன்னு ஒரு குறும்படம் எடுத்திருந்தார், அந்தக் கருதான் இது. அதுல, பொண்ணோட முயலை அலெக்ஸ் கொன்னு அடுப்புல வேக வெக்கிறதும் கிடையாது கத்தியும் கிடையாது, கடைசியில வீட்டு ஃபோன் அடிக்குது, பொண்டாட்டி எடுக்கப்போறா, அவ்வளவுதான். ஃபோன் அடிச்சாலே குலை நடுங்குது பாருங்க, அதுதான் இந்தக் கதையோட விதை. மத்ததெல்லாம் அதுக்கு மேல கட்டினது.

முதல்ல எடுத்த முடிவு என்னன்னா, அலெக்ஸ் தன் வீட்டு பாத்ரூம்ல தரையில உக்காந்து தானே கழுத்தை அறுத்துக்கிட்டு செத்துப்போறா, பின்னணியில மடாம் பட்டர்ஃப்ளைன்ற ஓபரா, அதாவது பாட்டாவே பாடி நடிக்கிற மேடை நாடகம், ஓடுது. அந்தக் கத்தியில டேனோட கைரேகை. அவன் தோட்டத்துல உதிர்ந்த இலையைக் கூட்டிக்கிட்டு இருக்கும்போது போலீஸ் வந்து கொலைக் கேசுல கூட்டிட்டுப் போயிடுது. அவனோட சாமான்களுக்கு நடுவுல, அலெக்ஸ் அவனுக்கு அனுப்புன கேசட்டை பெத் கண்டெடுத்து போட்டுக் கேக்குறா, செத்துப்போயிடுவேன்னு அவ குரல்லயே பதிவாகியிருக்கு, அதை வெச்சு புருஷனைக் காப்பாத்த ஓடுறா. இது யாரோ கிளப்பிவிட்ட கதை இல்ல, பிற்பாடு வீடியோ கேசட்டுல அந்தக் காட்சிகளை அவங்களே போட்டாங்க, இப்பவும் தேடினா பாக்கலாம். ஜப்பான்ல தியேட்டர்லயே அந்த முடிவோட காட்டினாங்க. மடாம் பட்டர்ஃப்ளை கதையே நாகசாகியில நடக்குறதுதான், அமெரிக்கக் கப்பற்படைக்காரன் ஒருத்தனை நம்பிக் கைவிடப்பட்ட பொண்ணு கடைசியில தகப்பனோட கத்தியால தன்னையே மாய்ச்சுக்கிறா. அந்தக் கதையோட ஊர்க்காரங்களுக்கு மட்டும் அந்த முடிவு போய்ச் சேந்துச்சுன்றது எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

ஏன் மாத்தினாங்க? படத்தை வெளியிடறதுக்கு முன்னாடி ஜனங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுறது அங்க வழக்கம். அந்த டெஸ்ட் ஸ்கிரீனிங்ல படம் நல்லாத்தான் போயிருக்கு, கடைசி ரீல் வந்ததும் கூட்டம் சப்புன்னு ஆயிடுச்சு. இவ்வளவு தூரம் அந்தக் குடும்பத்தை ஆட்டிவெச்சவ தானே செத்துப்போயி, செத்த பிறகும் அவனை மாட்டிவிட்டுட்டுப் போறான்றதை அவங்களால ஜீரணிக்க முடியல, அவளை யாராவது ஏதாவது பண்ணணும்னு உக்காந்திருந்தாங்க. ஸ்டூடியோ பாரமவுண்ட், தயாரிப்பாளர்கள் ஸ்டான்லி ஜாஃபியும் ஷெர்ரி லான்சிங்கும். அலெக்ஸ் கத்தியோட டேன் வீட்டு பாத்ரூமுக்கே வர்றா, அவன் அவளைத் தொட்டியில முக்குறான், கடைசியில பெத் அவளைச் சுட்டுக் கொல்றான்னு புது முடிவு எழுதி மறுபடியும் ஷூட் பண்ணாங்க, அதுக்கு மட்டும் சுமார் 13 லட்சம் டாலர் செலவு. க்ளென் க்ளோஸ் ரெண்டு வாரம் முடியவே முடியாதுன்னு சண்டை போட்டிருக்காங்க. அவங்க இந்த வேஷத்துக்காக மனநல டாக்டர்கள்கிட்ட ஸ்கிரிப்டைக் காட்டி, இவ ஏன் இப்படி நடந்துக்கிறான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நடிச்சாங்க, இந்தப் பொண்ணு தன்னை அழிச்சுக்குவாளே தவிர கத்தியைத் தூக்கிட்டு அடுத்தவ வீட்டுக்குப் போகமாட்டான்றது அவங்க கட்சி. கடைசியில ஒத்துக்கிட்டாங்க. சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர்ல எடுத்த படம் உலகம் பூரா 32 கோடி டாலர் வசூல் பண்ணுச்சு, ஆறு ஆஸ்கார் நாமினேஷன், ஒண்ணுகூடக் கிடைக்கல. வியாபாரக் கணக்குல பாத்தா மாத்தினது சரின்னு அங்கயே முடிஞ்சுபோச்சு.

இப்ப ஒட்டு விஷயத்துக்கு வர்றேன். அந்த ஆறு நாமினேஷன்ல ஒண்ணு எடிட்டிங்குக்கு, மைக்கேல் கான், பீட்டர் பெர்கர்னு ரெண்டு பேரு. கான் யாருன்னா ஸ்பீல்பெர்க் படங்கள்ல பெரும்பாலானதை கட் பண்ண மனுஷன், கை தப்புற ஆளு கிடையாது. அப்படியும் உங்க கண்ணுல ஒட்டு தெரிஞ்சுதுன்னா தப்பு கட்டிங்ல இல்ல. கடைசி பத்து நிமிஷத்தை மட்டும் மாத்தலாம், அந்தப் பழைய முடிவுக்காக முன்னாடி ஒன்றரை மணி நேரமா ஊனி வெச்ச விதையை எல்லாம் புடுங்க முடியாது. புடுங்கினா படமே ஓட்டையாயிடும்.

முக்கியமான விதை எதுன்னா, புள்ளையை ஸ்கூல்ல இருந்து அலெக்ஸ் கூட்டிட்டுப் போனதுக்கப்புறம் டேன் அவ வீட்டுக் கதவை உடைச்சுட்டு உள்ள போவான்ல, அந்தச் சீனை மறுபடி போட்டுப் பாருங்க. ரெண்டு பேரும் கட்டிப்புரண்டு, அவன் அவ கழுத்தை நெரிச்சு, நடுவுல கைய விட்டுட்டு மூச்சு வாங்கிட்டு நிப்பான். அப்ப அவ கிச்சன் கத்தியை எடுத்துட்டுப் பாய்வா. அவன் கத்தியைப் புடுங்கிடுவான். குத்தப்போறான்னு நாம நெனைப்போம், அவன் குத்தமாட்டான், மெதுவா பின்வாங்கி அந்தக் கத்தியை மேடை மேல வெச்சுட்டுப் போயிடுவான். அந்த வைக்கிறதுக்கு எவ்வளவு நேரம் குடுத்திருக்காங்கனு பாருங்க. கோவத்துல இருக்குற மனுஷன் கத்தியைத் தூக்கி எறிவான், இவன் என்னவோ கண்ணாடிப் பாத்திரம் வைக்கிற மாதிரி வைக்கிறான், கேமரா அதைக் கவனமா பாக்குது, அப்புறம் அவ முகத்துல லேசா ஒரு சிரிப்பு. நீங்க பாத்த படத்துல இந்தச் சிரிப்புக்கு அர்த்தமே கிடையாது, பைத்தியம் சிரிக்குதுன்னு விட்டுட்டுப் போவோம். பழைய முடிவுல இதுதான் மொத்தப் படத்தோட சாவி. கத்தியில இப்ப அவன் ரேகை இருக்கு, அது அவளுக்குத் தெரியும். எதுக்கோ கட்டின படி, அந்த ரூமை மட்டும் இடிச்சுட்டாங்க, படி அப்படியே நிக்குது.

மடாம் பட்டர்ஃப்ளையும் அதே கதைதான். முதல் வார இறுதியிலயே அவ வீட்டுல ஸ்பகெட்டி சமைச்சுக்கிட்டு அந்த இசையைக் கேக்குறாங்க, சின்னப் புள்ளையா இருக்கும்போது அப்பா கூட்டிட்டுப்போயி அதைப் பாத்ததையும், அந்தச் சாவைப் பாத்துப் பயந்ததையும் அவன் சொல்லுவான். அப்புறம் அவ அவனோட ஆபீசுக்கே வந்து அதே நாடகத்துக்கு டிக்கெட் இருக்கு வர்றியான்னு கேப்பா, மாட்டேன்னுடுவான். அன்னிக்கு ராத்திரி அவ தரையில உக்காந்து மேஜை விளக்கைப் போட்டு போட்டு அணைக்கிறா, பட்டர்ஃப்ளை ஓடுது, இவன் அந்தப் பக்கம் குடும்பம் கூட்டாளின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கான். இந்தப் படத்துல ஒரே ஒரு காட்சி எனக்குக் குடுக்குறேன்னு யாராவது சொன்னா இதைத்தான் எடுத்துக்குவேன். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான், வசனமே கிடையாது. லைட் அணைஞ்சிருக்குற அந்த ஃப்ரேம்ல கட் பண்ணி அவன் இருக்குற வெளிச்சத்துக்குப் போறது, மறுபடி இருட்டுக்குத் திரும்புறது. அவளைப் பாத்துப் பயப்படுறதா பாவப்படுறதான்னு அந்த இடத்துல நமக்கே தெரியாது. பழைய முடிவுல அந்த இசை போய்ச் சேர வேண்டிய இடத்துல போய்ச் சேரும். இப்ப இருக்குற படத்துல பாதி வழியில இறக்கிவிடப்பட்ட பயணி மாதிரி அது காணாமப் போயிடுது.

இன்னொரு சின்ன விஷயம், நிறையப் பேரு கவனிக்கிறது இல்ல. பார்க்ல நாயோட ஓடிக்கிட்டு இருக்கும்போது டேன் விளையாட்டுக்கு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுவான். அவ பதறிப்போயி, எங்கப்பா இப்படித்தான் ஹார்ட் அட்டாக்ல செத்தாரு, எனக்கு ஏழு வயசு, என் கண்ணு முன்னாடின்னு சொல்லுவா. அவன் மூஞ்சி செத்துடும், மன்னிப்பு கேப்பான். உடனே அவ சிரிச்சுக்கிட்டு சும்மா சொன்னேன், அவரு நல்லா இருக்காருன்னுடுவா. அப்புறம் பாதிப் படத்துக்கு மேல அவ வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா பூந்து துழாவும்போது அவ அப்பா செத்த பழைய பேப்பர் கட்டிங் அவன் கையில கிடைக்கும். முதல்ல சொன்னதுதான் நெசம், விளையாட்டுன்னு சொன்னதுதான் பொய். அதுக்கப்புறம் அதைப் பத்தி படத்துல யாரும் பேசவே மாட்டாங்க. இந்த மாதிரி ஒரு தகவலை எழுதி, எடுத்து, எடிட்டிங்ல தூக்காம வெச்சிருக்காங்கன்னா அந்தப் பொண்ணுக்காக நம்ம மனசுல ஒரு ஓரத்தைக் காலியா வெச்சிருக்கணும்னு அர்த்தம். புது முடிவு வந்து அந்த இடத்துல ஒரு பேயை உக்கார வெச்சுடுச்சு.

இது எப்படி நடக்கும்னு எனக்குப் புத்தகத்துல படிச்சுத் தெரியல, அடிபட்டுத் தெரிஞ்சுது. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நான் கட் பண்ண ஒரு படம், பேரு வேண்டாம், ப்ரிவியூ பாத்துட்டு பணம் போட்டவங்க க்ளைமாக்ஸ் சோகமா இருக்கு மாத்துன்னாங்க. நாலு நாள் ஷூட் பண்ணிக் கொண்டுவந்து குடுத்தாங்க, நான் விடிய விடிய உக்காந்து சேத்துட்டேன், பின்னணி இசை எல்லாம் சேத்து முடிஞ்சு பாத்தப்ப சுத்தமாத்தான் இருந்துச்சு, எனக்கே பெருமை. ரிலீஸ் அன்னிக்கு தியேட்டர்ல பின்வரிசையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன், படம் முடிஞ்சு வெளிய வரும்போது ஒரு பெரியவர் பக்கத்துல வந்தவர்கிட்ட, "ஆமா, அந்தப் பெட்டியில ஒரு லெட்டரை வெச்சுப் பூட்டினானே, அது என்னாச்சு"ன்னு கேட்டார். பழைய க்ளைமாக்ஸே அந்த லெட்டர்தான். முதல் பாதியில லெட்டர் வைக்கிற ஷாட்டை அஞ்சு வினாடி விட்டு வெச்சிருந்தேன், அடுத்து வர்ற பாட்டை ஆரம்பிக்க அந்த ஷாட் தேவைப்பட்டுச்சு, தூக்க மனசு வரல. அந்தப் பெரியவர் கேட்டதும் நீங்க கேக்குறதும் ஒரே கேள்விதான் சார்.

ஆனா புது முடிவை ஒரேடியா மட்டம்னு சொல்றவங்க கூடயும் நான் சேரமாட்டேன். அந்த பாத்ரூம் சீன் தொழில் தெரிஞ்சவங்க பண்ணது. தொட்டியில தண்ணி நிரம்புது, ஆவி கண்ணாடியை மூடிடுது, பெத் கையால துடைக்கிறா, பின்னாடி அலெக்ஸ் நிக்கிறா. கீழ டேன் டீ போட கெட்டிலை வெச்சிருக்கான், கெட்டில் விசில் அடிக்குது, மேல இருந்து வர்ற சத்தம் அவன் காதுல விழல. கெட்டில் நிக்குற நொடியில அலறல் தெளிவாக் கேக்குது. சத்தத்தை வெச்சு ஒரு கதவை மூடித் திறக்குற வேலை இது, ஒரு பிஜிஎம்மும் தராத பதட்டம். அதுக்கு முன்னாடி முயல் சீன்ல அடுப்புல பானை கொதிச்சுதே, அதே கொதி இங்க மறுபடி வருது, அது ஞாபகத்துல இருக்குறவங்களுக்கு விசில் சத்தம் கேட்ட உடனே வயிறு கலங்கும். தொட்டியில முங்கிச் செத்துட்டான்னு நெனைச்ச ஆளு எழுந்திருக்கிறது மட்டும் 1955லயே ஒரு பிரெஞ்சுப் படத்துல பண்ணி முடிச்சாச்சு, அதைப் பாத்தவங்களுக்கு இங்க லேசா சிரிப்பு வரும், எனக்கு வந்துச்சு.

புது முடிவுக்கும் பழைய படத்துல ஒரு விதை தானா கிடந்திருக்கு. டேன் எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட ராத்திரி பெத் ஃபோனை வாங்கி அலெக்ஸ்கிட்ட, இனிமே என் குடும்பத்துப் பக்கம் வந்தா உன்னைக் கொன்னுடுவேன்னு சொல்லுவா. பழைய முடிவுல அது வெறும் ஆத்திரம். புதுசுல அது வாக்கு, அதே மாதிரி துப்பாக்கியை எடுத்துட்டு வந்து சுடுறா. பெத்தா நடிச்ச ஆன் ஆர்ச்சர் அந்த வரியைக் கத்தாம சொல்லிருப்பாங்க, அதனாலதான் அது ரெண்டு முடிவுக்கும் பொருந்துது.

பயம் எப்படி ஏறுதுன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு இந்தப் படத்துல ஒரே ஒரு கணக்குதான், தூரம். அலெக்ஸ் முதல்ல டேனோட ஆபீசுக்கு வர்றா. அப்புறம் வீட்டு ஃபோன்ல, நடு ராத்திரி. அப்புறம் வீடு விலைக்கு வருதுன்னு தெரிஞ்சு வாங்க வந்தவ மாதிரி ஹாலுக்குள்ளயே வந்து பெத் கூட பேசிக்கிட்டு நிக்குறா, டேன் கதவைத் திறந்து உள்ள வந்து அதைப் பாக்குறான், படத்துல முதல் தடவையா மூச்சு நிக்குறது அங்கதான், கத்தியே இல்லாம. அப்புறம் கார்ல ஆசிட். அப்புறம் புது வீட்டுத் தோட்டத்துல புதர் மறைவுல நின்னு ஜன்னல் வழியா குடும்பத்தைப் பாக்குறா, பாத்துட்டு வாந்தி எடுக்கிறா. அப்புறம் கிச்சன், அடுப்பு மேல பானை. அப்புறம் புள்ள. ஒவ்வொரு தடவையும் ஒரு கதவு உள்ள. இந்தக் கணக்குல போனா மிச்சம் இருக்குறது பாத்ரூம் ஒண்ணுதான், துணி இல்லாம பூட்டிக்கிட்டு இருக்குற இடம். அதனால புது முடிவு கதைக்கு ஒட்டலன்னாலும் பயத்தோட கணக்குக்குச் சரியா ஒட்டுது. நீங்க "வேற படம் மாதிரி இருக்கு"ன்னு சொல்றதும், அப்படியும் நகம் கடிச்சுக்கிட்டுப் பாத்திருப்பீங்கன்றதும், ரெண்டும் ஒரே காரணம்தான்.

போலீசுக்குப் போக வேண்டியதுதானேன்னு சிலர் கேப்பாங்க. டேன் போவான், ஆனா க்ளையன்ட் ஒருத்தருக்காகக் கேக்குறேன்னு பொய் சொல்லுவான், போலீஸ்காரர் கையை விரிச்சுடுவார். இன்னிக்குப் பாக்குறவங்களுக்கு அது நம்பமுடியாத மாதிரி இருக்கும். ஒருத்தரை விடாம பின்தொடர்ந்து தொல்லை பண்றதைத் தனிக் குற்றமாக்கி அமெரிக்காவுல முதல் சட்டம் வந்ததே 1990ல, அதுவும் கலிஃபோர்னியாவுலதான். நம்ம நாட்டுல 2013லதான் வந்துச்சு. 1987ல அவனுக்கு அந்தக் கதவு நெசமாவே மூடித்தான் இருந்துச்சு. இதுல வேடிக்கை, அவன் பண்ண கள்ள உறவு நியூயார்க் மாகாணச் சட்டப் புத்தகத்துல அப்ப குற்றம், 1907ல போட்ட சட்டம், 2024 நவம்பர்லதான் எடுத்தாங்க. அவனைத் தொல்லை பண்ண அவளைப் புடிக்கச் சட்டம் இல்ல, அவனைப் புடிக்க இருந்துச்சு.

அலெக்ஸுக்கு என்ன நோய்னு நீங்க கேக்கல, ஆனா இந்தப் படத்தைப் பத்திப் பேசினா யாராவது ஒரு பேரைச் சொல்லுவாங்க. நான் அந்த வேலைக்குப் போகமாட்டேன், டாக்டர்களே ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு நோய்ப் பேரு வைக்கிறதுல ஒத்துப்போறது இல்ல, ஒரு எடிட்டர் வெச்சா கேவலம். எனக்கு உறுதியாத் தெரிஞ்சது திரையில இருக்குறது மட்டும்தான்: முதல் முக்கால் மணி நேரம் அவளை ஒரு காயம்பட்ட மனுஷியாத்தான் காட்டுறாங்க, உன் குழந்தையைச் சுமக்கிறேன், என்னைக் கண்டுக்காம விட்டுட முடியாதுன்ற மாதிரி அவ பேசுறதுல நியாயம் இருக்கு. முயலுக்கு அப்புறம் கேமரா அவ பக்கம் உக்காருறதை விட்டுடுது. க்ளோஸே பிற்பாடு பேட்டிகள்ல, அந்தக் காலத்துல மனநோய்ன்ற கோணத்துல யாரும் அவளைப் பாக்கவே இல்லன்னும், இப்பன்னா வேற மாதிரி பாத்திருப்பேன்னும் சொல்லிருக்காங்க. டியர்டனும் 2014ல லண்டன்ல இதையே மேடை நாடகமாப் போட்டப்ப அலெக்ஸ் பக்கம் கொஞ்சம் கூடுதலா சாஞ்சுதான் எழுதினார். எழுதினவருக்கே உறுத்தல் இருந்திருக்கு.

வேலைக்குப் போற, கல்யாணம் ஆகாத பொண்ணைப் பூதமா காட்டி, வீட்டுல இருக்குற பொண்ணு கையால கொல்ல வெச்சுட்டாங்கனு அப்பவே பெண்ணியவாதிகள் கடுமையா எழுதினாங்க. அந்தக் குற்றச்சாட்டுல பாதியை நான் ஒத்துக்குவேன். மிச்சப் பாதியில எனக்கு வேற ஒண்ணு தோணும். ரெண்டு முடிவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒண்ணுல பெத் கேசட்டைக் கண்டுபுடிச்சுக் காப்பாத்துறா, இன்னொண்ணுல துப்பாக்கியால சுட்டுக் காப்பாத்துறா. எந்த முடிவுலயும் அந்தாளு சிந்துன குழம்பைத் துடைக்கிறது பொண்டாட்டிதான். அவன் ஒரு முடிவுல இலை கூட்டிக்கிட்டு இருக்கான், இன்னொண்ணுல டீ போட்டுக்கிட்டு இருக்கான். படம் முடியும்போது கேமரா அந்தக் குடும்ப ஃபோட்டோவுல போய் நிக்கும், சிலர் அதைக் குடும்பம் ஜெயிச்சுதுன்னு எடுத்துக்கிறாங்க, எனக்கென்னவோ இனிமே அந்த வீட்டுல அந்த ஃபோட்டோவை யாரு நிமிர்ந்து பாப்பான்னுதான் இருக்கும். டைரக்டர் எதை நெனைச்சு வெச்சாரோ, ரெண்டுக்கும் இடம் இருக்கு.

இதே ஏட்ரியன் லைன் பதினஞ்சு வருஷம் கழிச்சு, 2002ல, அன்ஃபெய்த்ஃபுல்னு ஒரு படம் எடுத்தார், நீங்க அதையும் பாக்கணும். இந்தத் தடவை தப்பு பண்றது பொண்டாட்டி, டயன் லேன், புருஷன் ரிச்சர்ட் கீர். 1969ல க்ளோட் ஷப்ரோல் எடுத்த பிரெஞ்சுப் படத்தைத் தழுவினது. இதுக்கு எடிட்டர் யாருன்னா ஆன் கோட்ஸ், லாரன்ஸ் ஆஃப் அரேபியாவை 1962ல கட் பண்ண அம்மா. ஃபேட்டல் அட்ராக்‌ஷனுக்கு இசை போட்ட மோரிஸ் ஜாரும் லாரன்ஸுக்கு இசை போட்டவர்தான், இந்தத் தொடர்பு எல்லாம் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு மட்டும்தான் சந்தோஷம், விடுங்க. அன்ஃபெய்த்ஃபுல்ல டயன் லேன் முதல் தடவை காதலன்கிட்ட போயிட்டு ரயில்ல வீட்டுக்குத் திரும்புற சீன் ஒண்ணு இருக்கு. அவ முகம் மட்டும்தான் ரயில்ல, நடுநடுவுல நடந்தது துண்டு துண்டா வந்து போகுது. சிரிக்கிறா, கையால வாயை மூடுறா, அழுற மாதிரி ஆகுது, மறுபடி சிரிப்பு. நடந்ததை வரிசையா காட்டிட்டு அப்புறம் ரயிலைக் காட்டியிருந்தா ஒரு சாதாரண சீன். கலைச்சுப் போட்டதால அவ மனசுக்குள்ள நாம உக்காந்துடுறோம். உதவி எடிட்டரா யாராவது என்கிட்ட வந்தா முதல்ல இந்தச் சீனைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அந்தப் படத்தோட முடிவுதான் உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில். புருஷன் அந்தக் காதலனைக் கொன்னுடுவான், அதுவும் திட்டம் போட்டு இல்ல, கையில கிடைச்ச ஒரு கண்ணாடிப் பனி உருண்டையால, தன் வீட்டுல இருந்து பொண்டாட்டி எடுத்துட்டுப்போயி அவனுக்குக் குடுத்தது. கடைசியில ராத்திரி கார்ல வந்துக்கிட்டு இருக்காங்க, பின் சீட்டுல பையன் தூங்குறான், சிக்னல்ல வண்டி நிக்குது, அந்த இடம் போலீஸ் ஸ்டேஷன் வாசல். பச்சை விழுது, வண்டி நகரல. மறுபடி சிவப்பு. அப்படியே விட்டுட்டுப் போயிடுவார். 1987ல ஸ்டூடியோவும் கூட்டமும் லைனை அந்த சிக்னல்ல நிக்க விடல, 2002ல நின்னுட்டார்.

அதனால உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். பழைய முடிவை வெச்சிருந்தா படம் முழுசா இருந்திருக்கும், ஆனா முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல கழிச்சு நீங்க அதை நேத்து ராத்திரி உக்காந்து பாத்திருப்பீங்களான்னு கேட்டா, பாத்திருக்க மாட்டீங்கனுதான் தோணுது. அந்தப் பழைய முடிவும் ஒண்ணும் கோயில் சிலை இல்ல, செத்துப்போனவளை மறந்துட்டு கேசட், வக்கீல், கைதுன்னு கடைசி நேரத்துல ஒரு கேஸ் கட்டு மாதிரி ஆகுற சலிப்பு அதுலயும் இருக்கு. எனக்கே விட்டிருந்தா ரெண்டையும் தூக்கிட்டு, அவன் கத்தியை மேடையில வெச்சுட்டு வெளிய போயி, அவ சிரிக்கிற அந்த ஷாட்டோட நிறுத்திருப்பேன். தயாரிப்பாளர் என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

படத்துல வந்த அந்தக் கத்தியைத் தன் வீட்டுக் கிச்சன்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறதா க்ளென் க்ளோஸே சொல்லிருக்காங்க. நிஜக் கத்தி இல்ல, படத்துக்காகப் பண்ண டம்மி.